கேட்டிக்குக் கொண்டுபோன மூன்று பக்கங்கள்

என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த தமயந்தி எழுதிய ஓர் அத்தியாயத்தைத் திருடி என் புத்தகத்தில் போட்டுக்கொண்டேன். அவள் என் அறை வாசலில் வந்து நின்றபோது, அவள்தான் என் குறிப்புகளிலிருந்து திருடிவிட்டாள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். நான் துறைத் தலைவர். அவள் உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்த இருபத்தேழு வயதுப் பெண். யாரை நம்பினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவளுடைய பதிவு ரத்தாயிற்று. என் புத்தகம் ஆறு பதிப்புகள் கண்டது.

இது நடந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். நன்றாகவே உறங்கினேன். ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலை போட்டார்கள். மனைவி இறந்தாள். சர்க்கரை வந்தது. எல்லாம் வரிசைப்படி நடந்தது. அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அங்கிருந்து வரவழைத்த சான்றில் 'நெறிகேடு காரணமாகப் பதிவு ரத்து' என்ற குறிப்பு இருக்கிறது. அது இருக்கும்வரை என்னைச் சேர்க்க மாட்டார்கள். எழுத வைத்தவர் நீங்கள். நீக்க வைக்கவும் உங்களால்தான் முடியும்." கீழே தமயந்தியின் கையெழுத்து. டெக்சாஸில் கேட்டி என்ற ஊரின் முகவரி.

நான்கு மாதம் பதில் போடவில்லை. போட முயற்சி செய்தேன் என்பது உண்மை. எழுத எழுத அது மூன்று பக்கம் ஆயிற்று. அந்தச் சமயத்தில் நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கும் என் மகன் சேகர், "ஒரு மூணு மாசம் வந்து இருங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பினான். மூன்று பக்கங்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழைய பேரரசுகள் அதிகாரத்தை எப்படிக் கைக்குள் வைத்திருந்தன என்பதுதான் முப்பத்தைந்து ஆண்டுகள் நான் நடத்திய பாடம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் இங்கே யார் ஆள்கிறார்கள் என்று தேடுகிற வியாதி எனக்கு உண்டு. எடிசனில் ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. மருமகள் பத்மா ஆண்டாள்.

மௌரியர்கள் தங்கள் கட்டளைகளை மக்கள் நடமாடும் இடங்களில் பாறையில் வெட்டி வைத்தார்கள். பத்மா ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாள். புதன்கிழமை காகிதக் குப்பை, வெள்ளிக்கிழமை மற்றக் குப்பை. பாத்ரூம் தரை நனையக் கூடாது. வாசல் மணி அடித்தால் திறக்கக் கூடாது. கடைசிக் கட்டளை எனக்காகவே புதிதாக வெட்டப்பட்டிருந்தது: சுவரில் இருக்கும் ஹீட்டர் முள்ளைத் தொடக் கூடாது.

இரண்டாம் நாள் தொட்டேன். அக்டோபர் குளிர் எனக்குத் தாங்கவில்லை. பத்து நிமிடத்தில் பத்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மாமா, சிக்ஸ்டி எய்ட்ல வெச்சிருந்தேனே, நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லையே."

என் எட்டு வயதுப் பேத்தி அனிதா டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "தாத்தா எழுபத்தாறு வரைக்கும் திருப்பினார். நான் பார்த்தேன்."

பாரசீகப் பேரரசில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் ஆளுநர் இருந்தார். அவருக்குத் தெரியாமல் அவரைக் கவனித்து மன்னருக்குச் சொல்லத் தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அரசரின் கண்கள் என்று பெயர். அந்த ஏற்பாடு அழிந்துவிட்டது என்று இத்தனை காலம் வகுப்பில் சொல்லிவந்தேன்.

சனிக்கிழமை இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்கு அழைத்துப் போனார்கள். நம் ஊரில் கிடைப்பதெல்லாம் அங்கே கிடைக்கிறது, முருங்கைக்காய் உறைந்த நிலையில். மசால் தோசை இரண்டடி நீளம் இருந்தது. சாம்பார் இனித்தது. குறை சொல்லலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் அடுத்த மேசையில் இரண்டு பையன்கள் பேச ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் பையன்கள்.

"உன் கிரீன் கார்டு எந்த ஸ்டேஜ்டா?"

"முதல் ஸ்டேஜ், லேபர்லயே நிக்குது. ரெண்டு வருஷமா."

"கம்பெனி மாற வேண்டியதுதானே?"

"மாறினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் மச்சி. அது தெரிஞ்சுதான் இன்க்ரிமென்ட் குடுக்க மாட்டேங்கறான்."

"கேட்டியா?"

"கேட்டேன். வீ வேல்யூ யூன்னு சொன்னான்."

மொகலாயர்கள் தங்கள் அதிகாரிகளுக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலத்தின் வருவாயை மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். எந்த நேரமும் வேறு ஊருக்கு மாற்றலாம். பிள்ளைக்கு உரிமை கிடையாது. பாதுஷாவின் தயவு போனால் எல்லாம் போய்விடும். அதனால்தான் அத்தனை பெரிய நாட்டில் அத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சேவகம் செய்தார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் தோசை ஆறிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

திரும்பும்போது சுங்கச் சாவடி. காரிலிருந்தபடியே ஒரு பிளாஸ்டிக் கூடையில் சில்லறையை எறிய வேண்டும். எறிந்தால் கட்டை உயரும். சேகர் எறிந்த காசுகளில் ஒன்று கூடை விளிம்பில் பட்டுக் காருக்கு அடியில் உருண்டது. வேறு சில்லறை இல்லை. கதவைத் திறந்தால் பக்கச் சுவர் இடித்தது. பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் ஹாரன் அடிக்க, அமெரிக்காவில் இரண்டு டிகிரி வாங்கிய என் மகன் ஒருக்களித்து வெளியே வந்து, தரையில் படுத்துக் காசைத் தேடினான். சுங்கத்தை ஒழித்தவர் என்று பெயர் வாங்கிய சோழ மன்னர் ஒருவர் உண்டு. அவர் நியூஜெர்சிப் பக்கம் வந்ததாகச் செய்தி இல்லை.

அடுத்த வாரம் கேட்டிக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் தமயந்தியின் கணவர் ரங்கநாதன். என் பெயரைச் சொன்னேன். "ஓ, அந்த சார்தானா" என்றார். நேரில் வர விரும்புவதாகச் சொன்னேன். "வாங்க சார். நாங்க யாரையும் வராதேன்னு சொல்றதில்ல" என்றார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கல்லூரிக்குப் பணம் கட்டியதில் அந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். கடைசியில், "இதுக்கு டெக்சாஸ் வரைக்கும் எதுக்குப்பா? ஒரு ஈமெயில் போட்டுடலாமே" என்றான்.

விமானத்தில் கடலை கொடுத்தார்கள், பன்னிரண்டு பருப்பு. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பழைய மாணவியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "உங்களைப் போல ஆசிரியர்கள் இப்போது கிடையாது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். மறுக்க நேரம் இருந்தது. மறுக்கவில்லை.

ஹூஸ்டனில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்தபடி சொன்னாள். மகனுடைய குளிர் கோட்டோடு டெக்சாஸ் வெயிலில் நின்றேன். மாற்று வேட்டி, சர்க்கரை மாத்திரை, மூன்று பக்க வாக்குமூலம் மூன்றும் கலிபோர்னியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ரங்கநாதன் வந்திருந்தார். எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோட்டைப் பார்த்தார். "டெக்சாஸ்ல பனி பெய்யும்னு யாராவது சொன்னாங்களா சார்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார்.

ரோமானியர்கள் சாலைகளால் ஆண்டார்கள். படை விரைவாகப் போகவேண்டும், ஓலை அதைவிட விரைவாகப் போகவேண்டும், மற்றவர்கள் எப்படிப் போனாலும் சரி. கேட்டிக்குப் போகும் ஃப்ரீவேயைப் பார்த்தால் அவர்கள் பொறாமைப்படுவார்கள். அதில் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றோம்.

ஊர் புதிது. எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கூரை, வாசலில் ஒரே வயதுள்ள ஒரு மரம். தமயந்தி கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்க சார். கால் வீங்கியிருக்கே, உக்காருங்க" என்றாள். நான் வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்த முதல் வாக்கியத்துக்கு இது பொருந்தவில்லை.

சாப்பாட்டு மேசையில் ரங்கநாதன் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். குடியிருப்புச் சங்கத்தின் கடிதம். இவர்கள் வீட்டுப் புல் அனுமதிக்கப்பட்ட உயரத்தைத் தாண்டிவிட்டது, பத்து நாளில் வெட்டாவிட்டால் அபராதம்.

"நீங்க கிங்ஸ் பத்தித்தானே சார் புக் எழுதினீங்க? இது யார் ராஜ்யம் சொல்லுங்க. இந்தக் கமிட்டில இருக்கறவங்க ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. கார்ல ரவுண்டு வந்து அளக்கறாங்களாம். லெட்டர் மட்டும் கரெக்டா வருது."

எனக்குப் பிடித்த பாடம், பிடித்துக்கொண்டேன். சோழர் காலத்தில் ஊர்ச் சபை இருந்தது என்றேன். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கண்டவர்கள் பெயரெல்லாம் குடத்துக்குள் போகாது. வயது வரம்பு உண்டு. கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைத் திருடியவன்...

அங்கே நிறுத்திவிட்டேன்.

"சொல்லுங்க சார்," என்றார் ரங்கநாதன், ரசத்தை ஊற்றியபடி. "திருடினவனை என்ன பண்ணுவாங்க?"

"ரங்கா, போதும்," என்றாள் தமயந்தி. "சாப்பிடட்டும்."

ரசம் நன்றாக இருந்தது. அதை அவர்தான் வைத்தாராம்.

கடிதம் கையில் இல்லாததால் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. மேசையைத் துடைத்து முடித்து அவள் எதிரே உட்கார்ந்ததும் சொன்னேன். அத்தியாயத்தை எடுத்தது நான். பொய் எழுதியது நான். புத்தகத்தின் ஏழாம் பதிப்பு வரப்போகிறது, அதன் முதல் பக்கத்தில் அந்த அத்தியாயம் தமயந்தியுடையது என்று அச்சிட ஏற்பாடு செய்திருக்கிறேன். முன்னுரையில் விரிவாக மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. கவலையாகப் பார்த்தாள்.

"ஐயோ சார், அதைப் பண்ணிடாதீங்க. அந்தச் சாப்டரே தப்பு."

அந்த அத்தியாயம் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். சோழ மன்னர்களின் ஆணைகள் கோயில் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆணையின் கீழும், அது யார் யார் கையில் ஏறி இறங்கியது என்று அதிகாரிகளின் பெயர் வரிசை இருக்கும். தமயந்தி நான்கு ஆண்டுகள் கோயில் கோயிலாகப் போய் அந்தப் பெயர்களைத் திரட்டினாள். மன்னர் மாறியதும் பழைய பெயர்கள் மறைந்து புதிய பெயர்கள் வருவதைக் கண்டாள். ஆகவே புதிய மன்னர் ஒவ்வொருவரும் பழைய அதிகாரிகளைக் கழித்துவிட்டுத் தம் ஆட்களை வைத்தார், யாரையும் வேரூன்ற விடாததே சோழர் அதிகாரத்தின் ரகசியம் என்று எழுதினாள். அழகான முடிவு. அதனால்தான் திருடினேன். தமிழ்நாட்டில் வரலாறு படித்த பிள்ளைகள் இருபது ஆண்டுகளாக அதைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிவருகிறார்கள்.

தமயந்தி என்னை கராஜுக்கு அழைத்துப் போனாள். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய் சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மைப்படியை உருவினாள். கல்லெழுத்தின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கிற படி. காரின் மேல் விரித்தாள்.

"இங்க படிங்க சார். மேல இருக்கறது அப்பா காலத்து ஆணை. கீழ இருக்கறது மகன் காலத்து ஆணை."

மேலே, ஆலத்தூர் உடையான் காடன் நக்கன் என்று ஓர் அதிகாரி. மன்னரின் பெயரை முன்னால் சேர்த்து மூவேந்தவேளான் என்று பட்டம். கீழே, புதிய மன்னரின் பெயரோடு ஒரு மூவேந்தவேளான். அவனுக்கு முன்னால் அதே ஆலத்தூர், அதே காடன் நக்கன்.

"பட்டத்தோட ராஜா பேர் ஒட்டிக்கிட்டிருக்கு. ராஜா மாறினா பட்டமும் மாறும். நான் பட்டத்தை மட்டும் பாத்து ரெண்டு ஆளுன்னு எண்ணிட்டேன். நெறைய கல்வெட்டுல சொந்தப் பேர் இருக்காது, பட்டம் மட்டும்தான் இருக்கும். இந்த ஒரு சுவர்ல ரெண்டுமே இருந்தது." தாளைத் தடவினாள். "ஒருத்தரையும் கழிக்கல சார். அவங்க இல்லாம ராஜாவால ஆளவே முடியாது. ஊரு அவங்க கையில. இவர் பேரைக் குடுத்தாரு, அவங்க ஊரைப் பிடிச்சுக் குடுத்தாங்க. பேரம்தான்."

கராஜில் புழுக்கமாக இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஊரறிய நான் போட்டுக்கொண்டு திரிந்தது பித்தளை.

"எப்ப தெரியும் உனக்கு?"

"எழுதின ஆறாவது மாசம். மறுநாளே மைப்படியோட உங்க ரூமுக்கு வந்தேன். உங்க புக் அதுக்குள்ள அச்சுக்குப் போயிருந்தது, அது எனக்குத் தெரியாது. நீங்க சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனைச்சுட்டீங்க போல. சார் மீட்டிங்ல இருக்கார்னு அட்டெண்டர் சொன்னார். நாலு நாள் வந்தேன்."

அந்த நான்கு நாளும் நான் மீட்டிங்கில் இல்லை. உள்ளே உட்கார்ந்து அவள் மேல் புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சார்? திருடிப்பட்டம் கட்டினப்புறம் நான் சொன்னா யார் கேப்பாங்க?" மைப்படியைச் சுருட்டியபடி சேர்த்துக்கொண்டாள். "அதோட, ஒவ்வொரு எடிஷன் வரும்போதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பொய் சொல்லல."

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அந்தக் கோயில்களில் ஒன்றுக்குக்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. திருடுகிறவன் சரிபார்க்க மாட்டான். சரிபார்க்கிற பழக்கம் இருந்தால் திருடத் தேவையிருக்காது.

அவள் வேலையைப் பற்றி மறுநாள் காலை கேட்டேன். ஒரு வங்கியில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் திருத்துகிறாள். இரண்டாயிரம் பிறந்தால் இயந்திரங்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த நேரம்.

"வருஷத்துக்கு ரெண்டு டிஜிட்தான் வெச்சிருக்காங்க சார். நம்ம கல்வெட்டு மாதிரிதான். 'ராஜகேசரி, யாண்டு ஏழு'ன்னு போட்டிருப்பான். பாதிச் சோழ ராஜாக்களுக்கு அதே பட்டம்தான். எந்த ராஜகேசரின்னு வெட்டினவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இந்த மெஷினும் எல்லா ராஜகேசரியும் ஒரே ராஜகேசரின்னு நெனைச்சுக்கும்."

"அதுக்கு உன்னை எப்படிப் பிடிச்சாங்க?"

"இன்டர்வியூல இதைத்தான் சொன்னேன். அவங்களுக்குப் புரியல, ஆனா சேத்துக்கிட்டாங்க."

மூன்றாம் நாள் என் பெட்டி வந்து சேர்ந்தது. வாக்குமூலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் சமையல் மேடையில் சாய்ந்து படித்தாள். ரங்கநாதன் தோளுக்கு மேலாகப் படித்தார்.

சோழர் கல்வெட்டு தொடங்கும்போது மன்னர் எந்தெந்த நாட்டை வென்றார், எந்தக் கடலைக் கடந்தார், எத்தனை யானைகளைப் பிடித்தார் என்று நீளமாகப் போகும். அதற்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். எல்லாம் முடிந்து கடைசி வரியில், கோயிலில் ஒரு விளக்கு எரிக்க நெய்க்காகத் தொண்ணூறு ஆடு கொடுத்தார்கள் என்ற விஷயம் வரும். என் வாக்குமூலமும் அப்படித்தான் இருந்தது என்பது அவள் படித்தபோதுதான் தெரிந்தது. நான் துறையை எப்படி வளர்த்தேன், அன்றைய சூழல், என் மீதிருந்த அழுத்தம், என் உடல்நிலை. தமயந்தி மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் வந்தாள்.

"ஆடு எங்க சார்?" என்றார் ரங்கநாதன். வரும் வழியில் மெய்க்கீர்த்தி பற்றி நானே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

தமயந்தி சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கம் முழுவதும் ஒரு கோடு. இரண்டாம் பக்கம் ஒரு கோடு. மிஞ்சியது நான்கு வரி. எடுத்தது நான், பொய்ப் புகார் கொடுத்தது நான், அவள் குற்றமற்றவள், குறிப்பை நீக்குக.

"இதை யுனிவர்சிட்டிக்குக் குடுங்க. ஏழாம் பதிப்புல அந்தச் சாப்டர் தப்புன்னு உங்க பேர்லயே எழுதுங்க. என் பேர் அதுல வேண்டாம். மார்ச்சுக்குள்ள எனக்குக் கிளீன் சர்ட்டிபிகேட் வேணும், அட்மிஷன் அதோட க்ளோஸ்."

மன்னித்தாயா என்று கேட்க நினைத்தேன். அது எதிர்காலத்தில் எப்போதாவது கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது. புல்லை வெட்டட்டுமா என்று கேட்டேன். ரங்கநாதன் இயந்திரத்தை எப்படிக் கிளப்புவது என்று காட்டினார். வாசலில் பாதி வெட்டியதும் மூச்சு வாங்கியது. மீதியை அவர் வெட்டினார். மறுநாள் அவரே விமான நிலையத்தில் இறக்கிவிட்டார், இந்தத் தடவை பெட்டி மேல் ஊர் பெயரைத் தம் கையால் பெரிதாக எழுதிக் கட்டி.

மூன்று மாதம் என்று வந்தவன் ஆறாவது வாரத்தில் ஊர் திரும்பினேன். பத்மா ஹீட்டர் முள்ளைத் தானே எழுபதுக்குத் திருப்பி வைத்து, "இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் மாமா" என்றாள். பேரரசி இறங்கி வந்தும் நான் தங்கவில்லை.

சோழர் ஆட்சியில் மன்னர் வாயால் சொன்னதை ஒருவர் ஓலையில் எழுதுவார், மற்றொருவர் ஒப்பிடுவார், வேறொருவர் பதிவேட்டில் ஏற்றுவார், பிறகுதான் கல்லில் ஏறும். பல்கலைக்கழகமும் இந்த மரபைக் கைவிடவில்லை. என் நான்கு வரி உதவியாளரிடம் போயிற்று, கண்காணிப்பாளரிடம் போயிற்று, பதிவாளரிடம் போயிற்று. பொய் சொன்ன அன்று ஒரே வாரத்தில் நடவடிக்கை எடுத்த அதே அலுவலகம், உண்மையைச் சொன்னதும் ஆதாரம் கேட்டது. நான்தானே ஆதாரம் என்றேன். "சார், நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா இருக்கே" என்றார் உதவியாளர், என் நன்மையைக் கருதி.

குழு போட்டார்கள். மூன்று பேர், மூவரும் என் மாணவர்கள். எழுந்து நின்று வரவேற்றார்கள். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்திட்டேன். போகும்போது யாரும் எழவில்லை.

பிப்ரவரியில் ஆணை வந்தது. "கருணை அடிப்படையில்" தமயந்தியின் குறிப்பு நீக்கப்படுகிறது என்று இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவன் நான். மன்னிக்கப்பட்டவள் அவள்.

தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "கருணையா?" என்றாள். "இதை நான் அனுப்ப மாட்டேன் சார். நான் ஒண்ணும் பண்ணலையே."

"மார்ச் முடிஞ்சிடுமே அம்மா."

"முடியட்டும்."

அந்த ஒரு சொல்லை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. வாரம் இரண்டு நாள் போய் அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தேன். மதிய உணவுக்கு எழுந்து போகச் சொன்னால் தயிர்ச் சாதப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தேன். "புகார் பொய்யென்று புகார் கொடுத்தவரே ஒப்புக்கொண்டதால்" என்ற புதிய ஆணை கடைசியில் வந்தது. அவளுக்கு ஓர் ஆண்டு போய்விட்டது. அதையும் என் பெயரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் பதிப்பில் அத்தியாயத்தை நீக்கி, அது திருட்டு என்றும் தவறு என்றும் என் பெயரில் எழுதினேன். பதிப்பகத்தார் எட்டாம் பதிப்பு பற்றிப் பேச்செடுப்பதில்லை. பழைய மாணவர்கள் வருவது நின்றது. வினாத்தாளில் மட்டும் அந்தக் கேள்வி இன்னும் வருகிறதாம், பத்து மதிப்பெண்.

அடுத்த ஆண்டு தமயந்தி சேர்ந்துவிட்டாள். எனக்கு அதை ரங்கநாதன்தான் சொன்னார். அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

இந்தப் பொங்கல் கழிந்து ஒரு கடிதம் வந்தது, அவள் வழக்கப்படி ஐந்து வரி. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு சிறு கோயிலின் பெயர். வடக்குச் சுவரில், தரையோடு ஒட்டிய மூன்றாம் வரியில் அதிகாரியின் ஊர்ப் பெயர் என்ன என்று பார்த்து எழுத முடியுமா, அங்கே வர அவளுக்கு விடுமுறை இல்லையாம்.

இரண்டு பேருந்து மாறி, மாட்டு வண்டிப் பாதையில் நடந்து போனேன். எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாகக் கல்வெட்டுக்கு முன்னால் மண்டியிட்டேன். சுண்ணாம்பைச் சுரண்டி, பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் படித்தேன். குருக்கள் என்னைப் புதையல் தேடுகிறவன் என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்றார். ஆறெழுத்து. எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "நான்காம் எழுத்து நீங்கள் சொல்வதாக இருக்க முடியாது. மறுபடியும் போய்ப் பாருங்கள்."

நாளைக் காலை முதல் பேருந்து ஐந்தரைக்கு.